உன் இஷ்டம்

அந்தக் கூடத்துக்குள் முதல்முறை வருகிற யாரும் வந்த காரியத்தை நேராகச் சொன்னதில்லை. பேண்ட் கால் சுருக்க வந்தவர்கள், ஜிப் மாற்ற வந்தவர்கள், பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோருமே வாசலைத் தாண்டியதும் எதிர்ச் சுவரைப் பார்ப்பார்கள். பிறகு பார்க்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மழையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஆரம்பிப்பார்கள். தையல்காரி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி, "திரும்பி நில்லுங்க," என்பாள். அவர்கள் சுவருக்கு முதுகு காட்டி நிற்பார்கள். ஆனால் அவள் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததே இல்லை. தையல் மெஷினை அதற்காகவே திருப்பிப் போட்டிருந்தாள்.

பாதிச் சுவர் சந்தன நிறம். மீதிப் பாதி வெறும் பிரைமர், பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, வருஷக் கணக்கில் புகையும் தூசியும் ஏறி, கழுவாத பாத்திரம்போல் ஆகியிருந்தது. இரண்டும் சேருமிடத்தில் நேர்க்கோடு கிடையாது. ரோலர் ஏறி இறங்கிய தடங்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நின்றன. கடைசித் தடம் மட்டும் தரையிலிருந்து கிளம்பி ஓர் ஆளின் தோள் உயரம் வரை வந்து, அங்கேயே நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்காது. அதை இழுத்த கையும் அந்தக் கைக்குச் சொந்தக்காரனும் இப்போதுதான் நகர்ந்த மாதிரி இருக்கும்.

சொந்தக்காரன் அவளுடைய புருஷன். பெயிண்டர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம், தன் வீட்டுச் சுவரைப் பாதி அடித்துவிட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. பஸ் நிலையத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கையில் பை எதுவும் இல்லையாம். அவ்வளவுதான் கிடைத்த தகவல். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கடன் என்றார்கள், வேறொருத்தி என்றார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தையல்காரி எதற்கும் ஆமாம் இல்லை என்று வாய் திறக்கவில்லை. உண்மையான காரணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நம்பினாள். அதை வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும் என்பதால் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாள்.

அவன் ஒரு கலருக்காகப் போனான்.

அன்று காலையில், வேலை பார்த்த வீட்டில் மிஞ்சிய இரண்டு டப்பாக்களோடு வந்து நின்றான். ஒன்று சந்தனம், ஒன்று பிஸ்கட். இரண்டும் வெளிர்தான். தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சந்தனத்தில் மஞ்சள் ஓடும், பிஸ்கட்டில் செம்மை ஓடும்.

"பிஸ்கட்தான் அடிக்கப்போறேன்," என்றான்.

"வேணாங்க. சிவப்பு ஓடற சுவர் பக்கத்துல வெள்ளைத் துணியை வெச்சா ரோஸ் தட்டும். நூல் மேட்ச் பண்ண முடியாது. சந்தனமே அடிங்க."

"ஊர்ல உள்ளவன் வீட்டுக்கெல்லாம் அவனவன் சொன்ன கலரைத்தான் அடிக்கறேன். என் வீட்டுக்கு நான் சொல்றது நடக்கக் கூடாதா?"

"நீங்க பொழுதன்னிக்கும் வெளிய இருக்கீங்க. இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது யாரு?"

இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தான். "உன் இஷ்டம்," என்றான்.

அவ்வளவுதான் சண்டை. அவள் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் அவன் சந்தன டப்பாவைத் திறந்து வேலையில் இறங்கிவிட்டான். அவள் அடுப்படியில் இருந்தாள். ரோலர் சுவரைப் பிடித்து இழுக்கிற ஈரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. குழாயில் தண்ணீர் விழுந்தது. பிறகு வாசல் கதவு. டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தாள்.

பிஸ்கட் அடிக்க விட்டிருந்தால் இருந்திருப்பான். இதுதான் அவள் கண்டுபிடித்த காரணம். ஒரு மனுஷனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு சுவர், அதிலும் தன் நூல்கண்டை முன்னால் வைத்தவள் தான் என்று தோன்றிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மதிய நேரத்தில் தெரு அடங்கியதும் அந்த ஈரச் சத்தம் கேட்கும். சில நாள் பக்கத்து வீட்டில் துடைப்பம் போடுகிற சத்தமாக இருக்கும். சில நாள் அப்படியும் இருக்காது. மழைக்காலத்தில் பிரைமர் பாதியில் ஈரம் ஏறி, தோள் உயரத்துக்கு ஒரு கருமை படியும். மெஷினை நிறுத்திவிட்டு அவள் அதைப் பார்ப்பாள். யாருமில்லாத வீட்டில், மெல்லிய குரலில், "சரிங்க, பிஸ்கட்டே இருக்கட்டும்," என்பாள். எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பதற்கு அவளிடமே கணக்கில்லை. சுவர் ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. ஆனால் சொன்னதும் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருக்கும்.

இப்படிப்பட்டவள் ரொட்டிக்காரருக்குச் சம்மதம் சொன்னது தெருவுக்கே ஆச்சரியம். தெருமுனையில் ரொட்டி அடுமனை வைத்திருப்பவர் அவர். மனைவி நோயில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அடுமனையில் கட்டுகிற மேலங்கி தைக்கக் கொடுக்க வந்தவர், பட்டை அறுந்தது, பை கிழிந்தது என்று அடிக்கடி வர ஆரம்பித்தார். நன்றாக இருந்த பட்டையை அவரே அறுத்துக் கொண்டுவருகிறார் என்று தையல்காரிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நூல் தானாக இற்றதா கத்தரி பட்டதா என்பது தெரியாதவளா அவள்? தெரிந்தும் தைத்துக் கொடுத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் ஒருநாள், "பாவம்மா, துணி தீந்துபோறதுக்குள்ள சரின்னு சொல்லிடு," என்றாள். பழைய கல்யாணத்தைச் சட்டப்படி முடிக்க வேண்டியதையும் அவளே அலைந்து முடித்தாள். வருகிற திங்கட்கிழமை பதிவுத் திருமணம். அதன்பிறகு ரொட்டிக்காரர் இந்த வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "அவர் வர்றதுக்குள்ள இந்தச் சுவரை முடிச்சிடணும்."

அதற்குக் கூப்பிட்டனுப்பியது ஏணியை. ஏணி என்பது பெயரில்லை, உயரம். உத்தரத்துக்கு அவர் ஸ்டூல்கூட இல்லாமல் பிரஷ் போடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காணாமல்போனவனோடு பதினைந்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். அவர் வந்து சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பிரைமர் பாதியில் இரண்டு சதுரங்கள் அடித்துக் காட்டினார்.

"பழைய சந்தனம் வெளிறிப்போச்சு தங்கச்சி. அதோட சேராது. முழுச் சுவரும் ஒரே கலரா அடிச்சிடலாம். இது சந்தனம், இது பிஸ்கட். இப்ப எல்லாரும் இந்த ரெண்டைத்தான் கேக்கறாங்க. எது வேணும்னு சொல்லு."

தையல்காரி இரண்டு சதுரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கடையில் எத்தனையோ நிறம் இருக்க, இந்த மனுஷன் சரியாக அந்த இரண்டையே கொண்டுவந்து வைத்திருக்கிறாரே! "மழை விடட்டும் அண்ணே, சொல்றேன்," என்று அனுப்பிவைத்தாள்.

மழை விடவில்லை. பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருந்தது. சதுரங்கள் காய நாள் பிடித்தன. அவளும் காலையில் ஒன்றைப் பார்ப்பாள், சாயங்காலம் ஒன்றைப் பார்ப்பாள். தைத்த காலரைப் பிரித்தாள், பிரித்ததைத் தப்பாகத் தைத்தாள்.

"அம்மா, இது என்ன பெரிய விஷயமா?" என்றாள் மகள், சாப்பிட்டுக்கொண்டே. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடு."

"ஒரே மாதிரியா இருக்கு? உன் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு."

"எங்க கடையில மாத்திரை கலர் மாறினா ஆள் செத்துடும். சுவர் கலர் மாறினா யாரும் சாகப்போறதில்ல."

தாய் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் ரொட்டிக்காரர் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சிவந்த பெரிய கைகள். மாவு நகத்திடுக்கில் எப்போதும் இருக்கும். சதுரங்களைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏணி அண்ணன் இதுல ரெண்டு கலர் வெச்சுட்டுப் போயிருக்காரு. எது அடிக்கலாம்?" என்றாள் அவள். சாதாரணமாகக் கேட்பதுபோல் காட்டிக்கொண்டாள்.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க புழங்கற வீடு. உங்க இஷ்டம்," என்றார் அவர், மனசாரச் சிரித்துக்கொண்டு.

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். இதே கூடம், இதே இரண்டு நிறம், அதே வார்த்தை. அதன்பிறகு அவர் என்னென்னவோ பேசினார், அவள் காதில் ஏறவில்லை. அவர் கிளம்பிக் கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. சன்னலுக்கு ஓடிப்போய், அவர் அடுமனைக்குள் நுழைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "திங்கட்கிழமை வேணாம். அவர்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு."

"என்னம்மா ஆச்சு? ஏதாவது தப்பாப் பேசினாரா?"

"இல்ல. தங்கமான மனுஷன்."

"அப்புறம்?"

"எனக்குப் புருஷன் நிக்கமாட்டான்டி. என் ராசி அப்படி. அவராவது நல்லா இருக்கட்டும்."

மகள் கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் அழுதாள். தாய் அசையவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் யார்கிட்டயும் எதையும் சொல்லமாட்டேன். நீ மனசு மாறினா மாறு," என்று சொல்லிவிட்டு மகள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வானம் வெளுத்தது. ஏணி உப்புத்தாளோடு வந்துவிட்டார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கல்யாணம் நின்றாலும் சுவர் வேலை நிற்க வேண்டாம் என்று தையல்காரி விட்டுவிட்டாள். ஏணி பிரைமர் பாதியைத் தேய்க்கத் தேய்க்கக் கூடமெல்லாம் வெண்தூசி. அவள் மெஷின்மீது துணியைப் போர்த்திவிட்டு, அடுப்படி வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். எப்படியும் ரொட்டிக்காரர் இனி இங்கே வரப்போவதில்லை, போனவனிடம் பட்ட கடனையாவது தீர்த்துவிடுவோம் என்று தோன்றியது.

"அண்ணே, பிஸ்கட்டே அடிச்சிடுங்க."

"பிஸ்கட்டா? நூல் வேலைக்குச் சந்தனம்தான் வாகுன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"அவரு கேட்ட கலரு அதுதான்."

"யாரு, ரொட்டிக்காரரா?"

"இல்ல, உங்க கூட்டாளி. அன்னிக்குப் பிஸ்கட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான்தான் விடல. அந்தக் கோவத்துலதான்..." எட்டு வருஷம் வாய்க்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டதே என்று அவளே திகைத்து நின்றாள்.

ஏணி சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. "அவனா? அவன் பிஸ்கட் கேட்டானா?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அவனுக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது."

"என்ன சொல்றீங்க?"

"பொறப்புலேர்ந்தே அவன் கண்ணு அப்படி. கறுப்பு வெள்ளை தெரியும், நீலம் தெரியும், அடர்த்தி எது வெளிர் எதுன்னு தெரியும். இந்த மாதிரி லேசா சிவப்பு ஓடறது, மஞ்சள் ஓடறது, பச்சை ஓடறது எல்லாம் அவனுக்கு ஒண்ணுதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வீட்டுல ஒரே சுவர்ல ரெண்டு கலரை அடிச்சு வெச்சுட்டான். வீட்டுக்காரம்மா வர்றதுக்குள்ள நான் நின்னு திருப்பி அடிச்சேன். அதுலேர்ந்து டப்பா மூடியில ஆணியால கீறி வெப்பேன். ஒரு கீறல்னா இந்தச் சுவர், ரெண்டு கீறல்னா அந்தச் சுவர். அதைப் பாத்துத்தான் அடிப்பான். கை மட்டும் சுத்தம். அவன மாதிரி ரோலர் பிடிக்க ஆள் கிடையாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பெயிண்டருக்குக் கலர் தெரியாதுன்னா எவன் வேலை குடுப்பான்?"

"கட்டினவகிட்டகூடவா?"

"உங்கிட்டதான் முக்கியமாச் சொல்லக் கூடாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கினான். 'அவ பத்து வெள்ளையில ஒரு வெள்ளையைப் பொறுக்கி எடுக்கறவ, அவளுக்குத் தெரிஞ்சா கேவலம்'னு சொன்னான். அவன் போனப்புறம் இதை எடுத்துச் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு நானும் விட்டுட்டேன். கலர் சண்டைன்னு நீ சொல்லியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் "நல்லா இருக்கு" என்பான். நிறத்தைச் சொல்லிப் பாராட்டியதே இல்லை. சட்டையை அவள் எடுத்து வைத்தால்தான் போட்டுக்கொள்வான். அன்று இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தானே, அது எதை அடிக்கலாம் என்ற யோசனையில்லை. எது எது என்றே தெரியாமல் மூடியில் கீறலைத் தேடியிருக்கிறான்.

"அப்ப எதுக்கு அந்தச் சண்டை?" என்றாள்.

ஏணி சுவரில் பாதியில் நின்ற தடத்தைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். போகும்போது ரோலரை எப்படி வெச்சுட்டுப் போனான்?"

"கழுவிக் காயப்போட்டிருந்தாரு. பிரஷும்கூட."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான்தானே எடுத்து வெச்சேன். பளிச்சுன்னு இருந்துச்சு."

"டீ குடிக்கப் போறவன் ரோலரை ஈரத்துணியில சுத்தி வெச்சுட்டுத்தான் போவான் தங்கச்சி. கழுவிட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்." அவர் குரல் தாழ்ந்தது. "அவன் அன்னிக்குக் காலையிலயே முடிவு பண்ணிட்டான்போல. கிளம்ப ஒரு சாக்கு வேணும். கையில கிடைச்சது அந்த டப்பா."

"கலருக்காகப் போகலைன்னா வேற எதுக்குப் போனாரு?"

"தெரியாது."

"உங்ககூடதானே பதினஞ்சு வருஷம் இருந்தாரு. ஒண்ணுகூடவா சொல்லல?"

"சத்தியமாத் தெரியாது தங்கச்சி."

அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள். பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. தன்மேல் தப்பு இருந்தவரை அவன் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. காலையில் எழுந்தால் அது எதிரே நிற்கும், அதனோடு பேசலாம், அதனிடம் மன்னிப்புக் கேட்கலாம். புருஷன் போன அன்றுகூட வீடு இத்தனை வெறுமையாக இருந்ததில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். அழுகை நடுவிலேயே கோபமாக மாறியது. எட்டு வருஷத்தில் அவன்மேல் அவளுக்கு வந்த முதல் கோபம் அது. "பாவி, ஒரு பொய்யாவது நல்ல பொய்யாச் சொல்லிட்டுப் போகக் கூடாதா," என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

ஏணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சந்தனம் அடிங்க," என்றாள். "அந்தப் பாதியையும் தேய்ச்சிடுங்க."

ஏணி தயங்கினார். "அவன் கைத்தடம்..."

"தேய்ங்க அண்ணே."

தோள் உயரத்தில் நின்ற அந்தத் தடம் உப்புத்தாளுக்கு ஈடுகொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூசியாகி உதிர்ந்தது. அவள் துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினாள்.

சாயங்காலம் முதல் கோட்டிங் பாதியில் இருக்கும்போது ரொட்டிக்காரர் வந்தார். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது. ரொட்டியை மேஜைமேல் வைத்தவர், அவள் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சந்தனம் அடிக்கச் சொல்லிட்டேன்," என்றாள்.

"நல்லதுங்க. உங்க..."

"அந்த வார்த்தை இந்த வீட்டுல வேணாம். உங்க இஷ்டம் என்ன, அதைச் சொல்லுங்க."

அவர் அகப்பட்டுக்கொண்டவர்போல் விழித்தார். மூலையில் ஏணி தேய்க்காமல் விட்டிருந்த இரண்டு சதுரங்களையும் எழுந்துபோய்ப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். "நிஜமாச் சொல்லணும்னா எனக்கு அந்தப் பிஸ்கட்தான் பிடிச்சிருக்கு."

"ஏன்?"

"அடுப்புலேர்ந்து எடுத்த ரொட்டிக்கு அடிப்பக்கம் அந்தக் கலர்தான் வரும். வெந்த கலரு. நீங்க அடிக்கறது மாவுக் கலருல்ல? பாத்தா அரை வேக்காடு மாதிரி இருக்கு."

"அரை வேக்காடா?"

"கோவிச்சுக்காதீங்க. கேட்டீங்க, சொன்னேன்."

"அந்தக் கலர் பக்கத்துல உக்காந்து ஒரு நூல் மேட்ச் பண்ணிக் காட்டுங்க பாப்போம்."

"சன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாக்கலாமே."

"மழைக்காலத்துல சன்னல்ல என்ன வெளிச்சம் வரும்?"

"லைட்டப் போடலாம்."

"லைட்டுல இன்னும் மோசம்! தெரியாத வேலையில மூக்கை நுழைக்காதீங்க. நான் உங்க அடுப்பு சூட்டைப் பத்திப் பேசறேனா?"

"போன வாரம் ரொட்டி கருகலா இருக்குன்னு சொன்னீங்களே!"

"கருகியிருந்துச்சு, சொன்னேன்!"

குரல் தெருவரை கேட்டிருக்கும். ஏணி ரோலரை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். அவர் கையிலிருந்து சந்தனம் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ரொட்டிக்காரரும் சளைக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இதுக்கு என்ன குறைச்சல், சொல்லுங்க," என்றார். குறைந்தது சமையலறைக்காவது பிஸ்கட் அடிக்க வேண்டும் என்றார். சமையலறையைப் பற்றி இங்கே யார் பேசியது என்றாள் அவள். மகள் வாசலில் நனைந்த குடையோடு வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அம்மா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பயந்துபோய் நின்றாள்.

"அவ்வளவு பிடிக்கலைன்னா போங்களேன்!" என்றாள் தையல்காரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவள் வாசலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே தூறலும் தெருவும் தெரிந்தன.

"எங்க போறது? இன்னும் டீயே போடல நீங்க," என்றார் ரொட்டிக்காரர்.

அவள் மெல்லத் திரும்பினாள். அவர் ஸ்டூலிலேயேதான் இருந்தார். கால்களை அகட்டி, கையில் பிய்த்த ரொட்டியோடு, முகத்தில் இன்னும் தோற்காத பிடிவாதத்தோடு.

"நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

"சமையலறை."

"ஆங். சமையலறைக்கும் பிஸ்கட் கிடையாது."